நல்லுசாமியின் தலை

நல்லுசாமியின் தலை ஆடினால் அது நல்ல பாட்டு. ஆடாவிட்டால், பாடினவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு பேசாமல் ஊர் போய்ச் சேரலாம். சிறுவாச்சூர் திருவிழாவில் நாதசுரக்காரர்கூட வாசித்துக்கொண்டே கடைக்கண்ணால் இவர் தலையைத்தான் பார்ப்பார். எங்கள் ஊர் ஜனங்களுக்கோ சொந்தமாக ரசிக்கிற சிரமமே கிடையாது. இவர் தலை ஆடும், அவர்கள் "பலே" என்பார்கள்.

நான் வரதராஜன்பேட்டைக்காரன். பெரம்பலூருக்குப் பக்கத்தில் இருக்கும் நல்லுசாமியின் ஊருக்கு வாத்தியாராக வந்தவன். ரசனையைப் பற்றி வெள்ளைக்காரத் தத்துவ ஞானிகள் சொன்னதையெல்லாம் திருச்சிக் காலேஜில் கொஞ்சம் படித்திருந்தேன். அந்தத் திமிரில் ஒரு நாள் நல்லுசாமியின் வாயைக் கிண்டினேன். அழகு பாட்டில் இருக்கிறதா, கேட்கிறவன் மனசில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாது சார். ஆனா ரசிக்கிறவன் ஆளைப் பாக்கக் கூடாது. நம்மாளு, வேத்தாளு, நமக்கு ஆவும் ஆவாது, எல்லாத்தையும் செருப்போட வெளியில வுட்டுடணும். இந்தத் தலைய நானா ஆட்டுறதில்ல. அதுவா ஆடும்."

என் புத்தகமும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருந்தது. சொந்த விருப்பு வெறுப்பு கலக்காத இன்பம்தான் உண்மையான ரசனையாம். அவரும் சரி, புத்தகமும் சரி என்று நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்தக் கொள்கையால் அவர் வீட்டிலேயே ஒருத்தி அடிபட்டுக்கொண்டிருந்தாள். அவர் மனைவி பஞ்சவர்ணம். அரிசி புடைக்கும்போதும் பாட்டு, அடுப்பு மெழுகும்போதும் பாட்டு. சுருதி அவளுக்கு வேலியில்லாத கொல்லை. எந்தப் பக்கமும் நுழைவாள், எந்தப் பக்கமும் வெளியே வருவாள். பாட்டுக்கு நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து புருஷன் தலையைப் பார்ப்பாள். அது நட்ட கல் மாதிரி இருக்கும். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி முறத்தைத் தட்டுவாள்.

"ஒரு தடவை ஆட்டினாத்தான் என்னங்க?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"ஆடலையே சார், நான் என்ன செய்யிறது?" என்றார். அவள் காதில் விழும்படியே சொன்னார். அன்றைக்கு அந்த மனுஷனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், விஷக்காய்ச்சலில் பஞ்சவர்ணம் போய்விட்டாள். நல்லுசாமி தரையில் விழுந்து அழுதார். அவள் மேல் உயிரையே வைத்திருந்தவர்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அரியலூரில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் தனம், கைக்குழந்தையோடு வந்து அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அரும்பாவூரிலிருந்து பஞ்சவர்ணத்தின் தங்கை இருசம்மாள் வர வேண்டும் என்று பிணத்தை எடுக்காமல் காத்திருந்தார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம். கரிப்புகையில் ஓடுகிற பஸ் மேட்டுக்கு மேடு நின்று, மத்தியானம்தான் அவளைக் கொண்டுவந்து சேர்த்தது.

ஒப்பாரி பாடுவதில் இருசம்மாளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. தலைமாட்டில் உட்கார்ந்தாள். அக்காவின் முகத்தைத் தொட்டாள். குரல் எழுந்தது.

"சுள்ளிக்குப் போகையிலே என் சொமையும் நீ சொமந்தே
கொள்ளிக்கு நீ போகையிலே கூடவர வழியில்லையே"

கூட்டம் அப்படியே உருகிப்போயிற்று. வழக்கப்படி எல்லார் கண்களும் நல்லுசாமி பக்கம் திரும்பின. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தலை ஆடிக்கொண்டிருந்தது. கச்சேரியில் ஆடுவது போலவே, மெதுவாக, சுகமாக. நாக்கு வேறு "ச்சு" கொட்டியது.

தனம் அதைப் பார்த்துவிட்டாள்.

சுடுகாட்டிலிருந்து எல்லாரும் திரும்பிய பிறகும் அவள் சத்தம் போடவில்லை. "எங்கம்மா ஆயுசு பூரா அந்தத் தலையத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. செத்த பொறவுதான் ஆடுது. அதுவும் சித்தி பாட்டுக்கு" என்றாள். அதற்கப்புறம் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கருமாதி முடிந்ததும் அரியலூர் போய்விடுவதாகவும், இனி இந்த வாசலை மிதிக்கப்போவதில்லை என்றும் பங்காளிகளிடம் சொன்னாள்.

நல்லுசாமி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "நீங்க படிச்சவங்க சார், அவகிட்ட எடுத்துச் சொல்லுங்க. நான் நெசமாத்தான் அழுதேன். அழுவை ஒரு பக்கம் போவுது, தலை ஒரு பக்கம் போவுது. நான் என்ன செய்வேன்?"

என்ன சொல்ல முடியும்? உன் அப்பனுடையது விருப்பு வெறுப்பு கலக்காத இன்பம் என்று, தாயைப் பறிகொடுத்த பெண்ணிடம் போய்ச் சொல்லவா? படித்த படிப்பின் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

கருமாதி அன்று சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து உறவுக்காரர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். தனம் மூட்டை கட்டி வைத்துவிட்டாள். கிளம்புகிற நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. கூடத்தில் தூளி கட்டி, ஆட்டிக்கொண்டே தாலாட்டுப் பாடினாள். அம்மா அவளுக்குப் பாடின அதே தாலாட்டு. அதே குரல். வேலியில்லாத அதே கொல்லை.

எதிர்ச் சுவரில் சாய்ந்து நல்லுசாமி உட்கார்ந்திருந்தார். அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கிற்று. செத்தவளே திரும்பி வந்து பாடுவது போல இருந்திருக்கும். ஆனால் தலை மட்டும் அசையவில்லை. மாதாவே, இந்த ஒரு தடவை மட்டும் ஆட்டி வை என்று வேண்டிக்கொண்டேன்.

பாட்டுக்கு நடுவில் தனம் நிமிர்ந்து பார்த்தாள். பஞ்சவர்ணம் பார்ப்பாளே, அப்படியேதான்.

நல்லுசாமி தலையை ஆட்டினார்.

தனம் பாட்டை நிறுத்திவிட்டாள். கோபம் இல்லை.

"வேணாம்ப்பா. அதுவா ஆடல. தெரியுது."

குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மூட்டையோடு பஸ்ஸுக்கு நடந்தாள். கூடத்தில் வெறும் தூளி ஆடி ஆடி நின்றது. நல்லுசாமி இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.