தாடிக்காரனுக்கு எத்தனை உயிர்

நாக்கில் சனி என்பார்களே, அது தம்பி விஷயத்தில் முழு உண்மை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேர் பகடை உருட்டி ஒரு ராட்சதனைக் கீழே சாய்த்திருக்கிறார்கள். அத்தோடு எழுந்து போய் டீ குடித்திருக்கலாம். தம்பி விடவில்லை.

“அண்ணி, ஒரு சந்தேகம். வயித்துல ஈட்டி குத்தி முதுகு வழியா வந்திருக்கு. ராத்திரி படுத்துத் தூங்கினா காலைல சரியாயிடுமா?”

“ஆயிடும். விதி அப்படித்தான்” என்றார் அண்ணி.

“யார் காதுல பூ சுத்தறீங்க?”

விதிகள் அண்ணி எழுதியவை. மொத்தம் நாலே பக்கம். அண்ணி கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். கீழ்வீட்டு டெய்லர் அக்கா மந்திரக்காரி. லிப்ட் மெக்கானிக்கான நண்பன், எல்லோருக்கும் ‘லிப்ட்டு’, பூட்டுத் திறக்கும் திருடன். தம்பி வில்லாளி. அண்ணன் தாடிக்காரன் என்கிற வாள்வீரன். ‘நான் கதவை உடைக்கிறேன்’ என்று ஒருவர் சொல்வார், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொருவர் தாளிலும் ‘உயிர்: பத்து’ என்று இருக்கும். அடி வாங்க வாங்க அது குறையும், பூஜ்யமானால் ஆள் விழுவான், ஒரு ராத்திரி தூங்கினால் பத்தும் திரும்ப வந்துவிடும்.

தம்பிக்கு இந்தக் கடைசி வரிதான் தொண்டையில் மாட்டிய முள். அவன் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ். வாரம் முழுக்க வெட்டும் குத்தும் பார்த்துவிட்டு வருகிறவனிடம் போய், குடல் வெளியே வந்தவன் விடிந்ததும் பல் தேய்த்துவிட்டுச் சண்டைக்குப் போகிறான் என்றால் எப்படிப் பொறுப்பான்?

ஆனால் அந்த மேஜை வெறும் பொழுதுபோக்குக்குப் போட்டதல்ல. கட்டட மேற்பார்வையாளரான அண்ணன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அண்ணன்தான் எழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். அண்ணி ராத்திரியெல்லாம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், சண்டை போட்டும் பார்த்தார். கடைசியில் இந்த விளையாட்டை உண்டாக்கிக் கூடத்தில் மேஜையைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அண்ணன் தானாக எழுந்து, ஷேவ் செய்து, சட்டை மாட்டிக்கொண்டு, கைத்தடியோடு கூடத்துக்கு வந்தார். இதையும் அவர் நிறுத்திவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று அண்ணிக்குத் தெரியாது. தம்பிக்கும் இது தெரியும்.

தெரிந்தும் வாயைத் திறந்தான் என்றால் அதற்கு அவனிடம் ஒரு நியாயம் இருந்தது. அண்ணன் அளவு பிசகாத மனுஷர். செங்கல் வரிசை ஒரு நூல் பிசகினாலும் இடித்துக் கட்டச் சொல்கிறவர். இப்படிப்பட்டவருக்கு இந்தப் பொம்மைச் சண்டை எத்தனை நாளைக்குப் பிடிக்கும்? நிஜமான காயம், நிஜமான வைத்தியம் என்று விதி இருந்தால் இன்னும் ஒட்டிக்கொள்வார் என்று மனசார நம்பினான்.

அண்ணி முகம் சுளிக்கவில்லை. “எழுதிட்டு வா தம்பி. அடுத்த வாரம் உன் விதிப்படியே ஆடிப் பாப்போம்” என்றார். தான் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த விளையாட்டை இன்னொருத்தன் கையில் தூக்கிக் கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! தம்பிக்கு அது அப்போது உறைக்கவில்லை.

கட்டுக் காகிதத்தோடு வந்தான் அடுத்த வாரம். அடி எங்கே பட்டது என்று ஒரு பகடை, எவ்வளவு ஆழம் என்று ஒன்று, ரத்தக்குழாய் அறுந்ததா என்று ஒன்று, சீழ் பிடித்ததா என்று இன்னொன்று. ஒரே ஒரு குட்டிப் பூதத்தோடு நடந்த சண்டை மத்தியானத்தையே தின்றுவிட்டது. லிப்ட்டுக்குக் கட்டைவிரல் பிசகி, இனி பூட்டுத் திறக்க முடியாது என்றாயிற்று. டெய்லர் அக்காவுக்கு முள் கீறிக் காய்ச்சல்.

“மந்திரக்காரிக்கு டெட்டனஸ் வந்து நான் எங்கயும் கேட்டதில்ல” என்றார் அக்கா.

“ஊசி போடலேன்னா யாருக்கும் வரும்” என்றான் தம்பி, விடாமல்.

அப்புறம் பூதம் தாடிக்காரனை மதில்மேலிருந்து தள்ளியது. அண்ணன் பகடையை உருட்டினார். தம்பி உற்சாகமாகத் தாளில் விரலை ஓட்டிப் படித்தான்: “உயரத்திலிருந்து விழுதல். இடுப்பெலும்பு முறிவு. பன்னிரண்டு வாரம்...”

அங்கேயே நின்றுவிட்டான். பார்த்ததைப் பார்த்தபடி எழுதவேண்டும் என்று எழுதியவன், தான் மிக நெருக்கத்தில் பார்த்தது எந்தக் காயம் என்பதை யோசிக்கவே இல்லை. சொந்த அண்ணனின் கேஸ் ஷீட்டை அப்படியே விளையாட்டுக்குள் இறக்கி வைத்திருக்கிறான், மடையன்.

“படுக்கை” என்று அண்ணனே முடித்து வைத்தார். “சரியாத்தான் எழுதியிருக்கே. எனக்கும் பன்னிரண்டுதான் சொன்னாங்க.”

ஆட்டம் தொடர்ந்தது. அண்ணனின் முறை வந்தது, தாண்டிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி தாண்டிப் போனது. அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“என் ஆளு படுத்திருக்கான். நானும் போய்ப் படுக்கறேன்.”

உள்ளே கட்டில் முனகியது கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. அண்ணி பகடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த முகத்தைப் பார்க்கமுடியாமல்தான் அவன் அண்ணியின் பழைய நாலு பக்கத்தைக் கையில் எடுத்தான். முதல்முறையாக ஒழுங்காகப் படித்தான். அண்ணி ஒரு பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போடுகிறவர். எந்த வகுப்பும் ஒரு பீரியடும் சும்மா உட்காரக் கூடாது என்பது அங்கே அவர் வேலை. இங்கேயும் அதையேதான் செய்திருந்தார். விழுந்துகிடப்பவன் பூதத்துக்காகப் பகடை உருட்டலாம். கை ஒடிந்தவன் கூவி எச்சரிக்கலாம். ராத்திரி தூங்கினால் எல்லாம் சரி என்ற வரியும் வைத்தியம் தெரியாத வரியல்ல; மறுநாள் மேஜையில் யாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது என்பதற்காக வைத்த வரி. நாலு பக்கத்திலும் வெட்டவோ சேர்க்கவோ ஒரு சொல் இல்லை. தம்பிக்கு வெட்கமும் வியப்பும் சேர்ந்தே வந்தன. அண்ணி ஒரு பெரிய மூளைக்காரி என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது.

தாள்களோடு உள்ளே போனான். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“அண்ணா, பழைய விதிக்கே போயிடலாம். அதுதான் நல்லாருக்கு.”

“எனக்காக மாத்தாதே. பரிதாபப்பட்டு யாரும் என்கூட ஆட வேணாம். நீ எழுதினதுதான் நிஜம். பத்து உயிர்ல ஒம்போது போனவன் விடிஞ்சதும் எழுந்து நடக்க மாட்டான்.”

தம்பி மாட்டிக்கொண்டான். அவன் வாதம், அவன் அண்ணன் வாயால், அவனுக்கே திரும்பி வருகிறது. பொய் சொல்லிச் சமாளித்தால் அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். அதனால் வார்டில் கேட்பது மாதிரி, கட்டில் ஓரம் உட்கார்ந்து கேட்டான்.

“நீ விழுந்தியே, அப்போ உனக்குப் போனது உயிரா?”

அண்ணன் சுவரில் விரலை ஓட்டினார்.

“உயிரு எங்கயும் போகல. அது பாட்டுக்கு இருந்துச்சு. எலும்பும் கூடிடுச்சு. தெம்புதான் இல்ல.”

“திரும்பச் சொல்லுங்க” என்று வாசற்படியில் ஒரு குரல். அண்ணி.

“என்னத்த?”

“கடைசியாச் சொன்னீங்களே, அத.”

“தெம்பு.”

அண்ணி கூடத்துக்குப் போய்த் தாடிக்காரனின் தாளை எடுத்துவந்தார். ‘உயிர்’ என்பதை ரப்பரால் அழித்தார். அதே இடத்தில் ‘தெம்பு’ என்று எழுதித் தம்பியிடம் நீட்டினார். பத்து பத்தாகவே இருந்தது. வேறு ஒரு எழுத்தையும் தொடவில்லை.

தம்பி அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். அப்படியென்றால் வாள் வீச்சு ஒவ்வொன்றும் சதையை வெட்டவில்லை. ஒதுங்கி ஒதுங்கி, மூச்சு வாங்கி, பயந்து, தெம்புதான் குறைகிறது. கடைசித் தெம்பும் போன பிறகு படுவதுதான் நிஜமான வெட்டு. அவன் கட்டுக் காகிதம் முழுக்க எழுதித் தீராத சிக்கலை அண்ணி ஒரு ரப்பரால் தீர்த்துவிட்டார். அதுமட்டுமா, இதுதான் நிஜமும்கூட. ஒரே மாதிரி கால் ஒடிந்த இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் கிடப்பார்கள். ஒருத்தர் டீ எங்கே என்று சத்தம் போடுவார், இன்னொருத்தர் கண்ணையே திறக்கமாட்டார். தினம் பார்க்கிறான். பெயர்தான் தெரியாமல் இருந்தது.

“இது சரி அண்ணா. உனக்காகச் சொல்லல. நான் எழுதினதவிட இதுதான் சரி.”

அண்ணன் திரும்பிப் படுத்து அவன் முகத்தைப் பார்த்தார். கலவையில் சிமென்ட் குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் பார்வை.

“தூங்கினா தெம்பு வந்துடுமா? நானும் ராத்திரியெல்லாம் தூங்கத்தானே செய்யறேன்.”

“பக்கத்துல ஆள் இருந்தா வரும். ஆனா இருக்காங்கன்னு படுத்திருக்கறவருக்குத் தெரியணும்” என்றான் தம்பி. “அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா எப்படித் தெரியும்?”

அண்ணி தாளின் அடியில் ஒரு வரி எழுதினார். எழுதிவிட்டுத்தான் படித்தார்: “தூங்கப் போறவன், தனக்குக் காவல் யாருன்னு சொல்லணும். சொன்னா முழுத் தெம்பு. சொல்லலேன்னா பாதி.”

அப்படியே திரும்பிக் கூடத்துக்குப் போய்விட்டார். தம்பியும் பின்னாலேயே போனான். நாலு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். லிப்ட்டு எதையோ சொல்ல வாயெடுத்தான், டெய்லர் அக்கா மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தார்.

கைத்தடிச் சத்தம் கேட்டது. அண்ணன் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அண்ணி கதை நடத்தும் குரலில் தொடங்கினார். “மதிலுக்குக் கீழ தாடிக்காரன் கிடக்கான். பொழுது சாஞ்சிடுச்சு. தூங்கப் போறான். காவலுக்கு யாரு?”

“நான் இருக்கேன்” என்றான் லிப்ட்டு.

“நானுந்தான், காய்ச்சலோட” என்றார் டெய்லர் அக்கா.

தம்பியும் கையைத் தூக்கினான். அண்ணன் மூன்று பேரையும் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அண்ணியைக் காட்டினார்.

“நீ.”

“நான் ஆட்டத்துல இல்லீங்க. கதை நடத்தறவங்க காவலுக்கு வர்றதுக்கு விதியில்ல.”

“இத்தனை ராத்திரியும் என் கட்டிலோரம் நாற்காலியில உக்காந்திருந்தது நீதானே. விதி எழுதறதும் நீதானே.”

அண்ணி மேஜையில் யாருக்காகவும் விதியை வளைத்ததே இல்லை. பென்சிலை எடுத்தார், எழுத்துத் தெரியவில்லை போல, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதை நடத்துகிறவரும் காவல் இருக்கலாம் என்று எழுதினார்.

“பத்து” என்றார். “விடிஞ்சிடுச்சு. உங்க முறை.”

அண்ணன் பகடையை எடுத்தார்.