கல் வரிசைக்கு அப்பால்

எங்கள் விருந்தினர் அறையில் ஓர் அலமாரி நிறைய வேட்டைப் புத்தகங்கள் உண்டு. காடையும் வல்லூறும் கடல் தாண்டி வரும் பருவத்தில் அலெக்ஸாந்திரியாவிலிருந்தும் கெய்ரோவிலிருந்தும் வேட்டைக்காரர்கள் எங்கள் பாலைவனத்துக்கு வந்து எங்களிடம் தங்குவார்கள். வருகிறவர் தமக்குப் பிடித்த புத்தகம் ஒன்றை விட்டுச் செல்வார். நான் பரிந்துரைக்கும் ஒன்றை எடுத்துச் செல்வார். என் தகப்பனார் வைத்த வழக்கம் இது. நான் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அதற்கு எங்கள் குடும்பம் பொறுப்பு. எங்கள் கூரையின் கீழ் தங்கியவருக்கு எங்கள் சொல்லால் ஒரு கீறல் விழுந்தாலும் எங்கள் குலமான அவ்லாத் அலி மக்கள் அதை மறக்க மாட்டார்கள். என் பேரன்களுக்குப் பெண் கேட்கப் போகும் இடத்தில்கூட நினைவுபடுத்துவார்கள்.

டாக்டர் வஜ்தி பல் மருத்துவர். அலெக்ஸாந்திரியாவில் வேட்டைக்காரர்களும் கூடாரம் போட்டுத் திரிகிறவர்களும் சேர்ந்த குழு ஒன்றை நடத்துகிறார். வந்த அன்று மாலை தேநீர் குடித்தபடி கேட்டார்.

“ஹாஜியாரே, எங்க குழுவுல நாலாயிரம் பேர். துப்பாக்கி எல்லார்கிட்டயும் இருக்கு. புத்தகத்தத் தொட்டவன் பத்துப் பேர் தேறமாட்டான். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, படிக்க வைக்கிறேன்.”

தடித்த பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில் கெய்ரோக்காரர் ஒருவர் எழுதியது. அவருக்கு வழிகாட்டியாகப் போனவர் என் பாட்டனார். ஓர் அத்தியாயம் முழுக்க அவரைப் பற்றித்தான்.

என் தங்கை கஸாலா அடுத்த சுற்றுத் தேநீரை ஊற்றினாள். “அண்ணன் வேற எதச் சொல்லப் போறாரு? அதுலதான நம்ம பாட்டன் போட்டோ இருக்கு. வர்றவங்க தலையில எல்லாம் அதத்தான் கட்டுறாரு.”

டாக்டர் சிரித்தார். நான் அவளைப் பார்த்த பார்வையில் அவள் கெண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை டாக்டரின் படுக்கை காலியாக இருந்தது. விருந்தாளி காலையுணவு உண்ணாமல் வெளியேறுவது எங்கள் வீட்டில் நடக்காத ஒன்று. தொழுவத்துப் பக்கமிருந்து கஸாலா ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது.

“அண்ணே, உங்க டாக்டர் வண்டி தெக்க போகுது. கையில அந்தப் பச்சைப் புத்தகம். கல் வரிசைப் பக்கம்ணே!”

தம்பியைக் கூவி அழைத்தேன்.

அந்த அத்தியாயத்தில் பாட்டனார் சொன்னதாக ஒரு வரி உண்டு: கல் வரிசைக்கு அப்பால் வல்லூறுகள் நிறைய இறங்கும், யாரும் அவற்றைத் தொந்தரவு செய்வதில்லை. அது உண்மைதான். யாரும் ஏன் தொந்தரவு செய்வதில்லை என்று பாட்டனார் சொல்லவில்லை. எங்களில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் அது தெரியும். ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகள் அங்கே கிடக்கின்றன. ஆடுகள் செத்த இடத்தையெல்லாம் மேய்ப்பர்கள் கல் குவித்து வரிசையாக்கினார்கள். எங்களுக்குக் கல் என்றால் அதோடு நில் என்று பொருள். எழுதியவர் கேட்டதை அப்படியே எழுதினார். நான் அந்த வரியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதில் ஏதோ குறைகிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

தம்பி மிஃப்தாஹ் வண்டியை எடுத்தான்.

கல் வரிசையின் அருகே டாக்டரின் வண்டி நின்றது. உள்ளே யாருமில்லை. எச்சரிக்கைப் பலகை எப்போதோ துருப்பிடித்து விழுந்துவிட்டது. அதன் கம்பி மட்டும் நின்றது. கற்களைத் தாண்டிக் காலணித் தடங்கள் நேராகப் போயின. வெகு தூரத்தில் ஒரு புதருக்குப் பின்னால் டாக்டர் காமிராவோடு குந்தியிருந்தார்.

மிஃப்தாஹ் வாயில் கை குவித்தான். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

“கத்தாத. கூப்பிட்டா எழுந்து நேரா ஓடி வருவாரு.”

“அப்ப நான் போறேன்.”

“என் விருந்தாளி. நான் கொடுத்த புத்தகம். நீ நில்லு.”

“உங்க முழங்காலுக்கு இது ஆகாதுண்ணே…”

“நில்லுன்னேன்.”

கம்பளிப் போர்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முதல் தடத்தில் கால் வைத்தேன். பிறகு அடுத்தது. டாக்டர் நெடிய மனிதர். அவர் எட்டி வைக்கும் அடி என் கால்களுக்குப் பெரியது. தடத்துக்குத் தடம் ஏறக்குறையத் தாவ வேண்டியிருந்தது. தெற்கிலிருந்து காற்று எழுந்தது. மணல் துகள்கள் தடங்களின் விளிம்பைத் தின்னத் தொடங்கின. ஓரிடத்தில் தடத்துக்கு ஒரு கையகலம் தள்ளி, மழை அரித்த மண்ணில் தட்டின் விளிம்பு போல இரும்பு வளைவு தெரிந்தது. அந்த மனிதர் அதைப் பார்க்கவே இல்லை, பக்கத்திலேயே மிதித்துப் போயிருக்கிறார். ஓதவும் வாய் வரவில்லை.

அருகே போனதும் அவர் திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க, வாங்க! உங்க பாட்டனார் சொன்னது அப்படியே இருக்கு. அங்க பாருங்க, ரெண்டு. மனுஷனக் கண்டு பயமே இல்ல.”

“டாக்டர், எழுந்திருக்காதீங்க. கையக் கீழ ஊனாதீங்க.”

“ஏன், பறந்துருமா?”

“கீழ வெடி இருக்கு. இந்த இடம் பூராவும்.”

சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அப்படியே மாட்டிக்கொண்டு நின்றது. பிறகு காமிரா அவர் மடியில் விழுந்தது.

“நான்… நான் எங்க எல்லாம் மிதிச்சேன்?”

“மிதிச்ச இடம்தான் நல்ல இடம். என் போர்வை முனையப் பிடிங்க. நான் கால் எடுத்த இடத்துல வைங்க. வேற எங்கயும் வைக்காதீங்க.”

“நீங்க பின்னாடி வாங்க ஹாஜியாரே, நான் முன்னால…”

“எங்க மண்ணுல விருந்தாளி முன்னால போறதில்ல.”

திரும்பும்போது பாதித் தடங்கள் மங்கியிருந்தன. சுண்ணாம்புப் பாறை வெளித்தெரிந்த ஒரு பகுதியில் தடமே இல்லை. அங்கே நின்றேன். பாறையில் குழி தோண்டிப் புதைத்திருக்க மாட்டார்கள் என்று எண்ணினேன். எண்ணினேன், அவ்வளவுதான், உறுதியில்லை. வெண்மை தெரிந்த இடமாகப் பார்த்துக் கால் வைத்தேன்.

கற்களைத் தாண்டியதும் டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரிந்தது. மிஃப்தாஹ் தண்ணீர் கொடுத்தான். டாக்டர் அதைக் குடிக்காமல் என்னையே பார்த்தார்.

“ஹாஜியாரே… நேத்தே குழுவுல போட்டுட்டேன்.”

“எத?”

“புத்தகத்த. அந்தப் பக்கத்தப் படம் எடுத்து. ‘ஹாஜி ரஹூமாவின் பரிந்துரை’ன்னு உங்க பேரோட. கல் வரிசை செயற்கைக்கோள் படத்துலயே தெரியுது, அதனால இடத்தையும் குறிச்சு… இன்னிக்கு வெள்ளிக்கிழமை, லீவு. எங்க குழு ஷவ்கி காலையிலயே பொண்டாட்டியோட கிளம்பிட்டான்.”

“கூப்பிடுங்க.”

கூப்பிட்டார். மணி அடிக்கவில்லை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் இந்த மேட்டை அடையும்வரை தொடர்பு கிடைக்காது.

“நீங்க பேசுங்க,” என்று குழுவுக்குக் குரல்பதிவு அனுப்பக் கைபேசியை என் வாயருகே நீட்டினார். “நான் சொன்னா விளையாட்டுன்னு நினைப்பானுங்க. பரிந்துரை உங்களோடது.”

எங்கள் பாட்டனாரின் பெயரைத் தாங்கிய ஒரே புத்தகம் அது. நாலாயிரம் பேர் கேட்கப் போகிறார்கள். எங்கள் குலத்தவரும் கேட்பார்கள். போட்டிக் குடும்பத்தார் திருமணங்களில் போட்டுக் காட்டுவார்கள். மிஃப்தாஹ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“நான் ரஹூமா பேசுறேன்,” என்றேன். “அந்தப் புத்தகம் ஆளக் கொல்லும். எங்க பாட்டன் பாதிதான் சொன்னாரு. நான் படிச்சும் கவனிக்காம கொடுத்தேன். கல்லுக்கு அந்தப் பக்கம் வெடி. யாரும் வராதீங்க. கிளம்பினவன் எவனா இருந்தாலும் திரும்பிப் போ.”

பிறகு காத்திருந்தோம். அந்த நிலத்துக்குப் பல பக்கமும் வழி. வடக்கே மிஃப்தாஹ் போனான். கைபேசியில் சொன்னதும் கிழக்கே கஸாலா தன் மகன்களைக் கூட்டிப் போனாள். மேற்குத் தடத்தில் நான் நின்றேன். டாக்டர் என்னோடு நிற்க வந்தார். வண்டிக்குள் இருக்கச் சொன்னேன். சூரியன் உச்சிக்கு வந்தது. ஒவ்வொரு முறை காற்று மணலை எழுப்பும்போதும் அது வண்டிப் புழுதி என்று நினைத்தேன். கிழக்கிலிருந்து எந்நேரமும் ஒரு சத்தம் வரும் என்று காது விறைத்துக் கிடந்தது.

புழுதி என் பக்கம்தான் வந்தது. வண்டி வேகமாக நேரே கற்களை நோக்கி வந்தது. நான் தடத்தின் நடுவில் போய் நின்றேன். ஓட்டியவன் ஒலிப்பானை விடாமல் அழுத்தினான். நான் அசையவில்லை. முன் சக்கரம் வரிசையின் கல்லொன்றை உருட்டித் தள்ளி நின்றது. இயந்திரத்தின் சூடு என் தொடையில் பட்டது.

இளைஞன் ஒருவன் தலையை நீட்டினான். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் மடியில் ரொட்டிப் பொட்டலத்தோடு இருந்தாள்.

“பெரியவரே, சாகணும்னா வேற வண்டியப் பாருங்க! வழி விடுங்க. ஹாஜி ரஹூமா சொன்ன இடத்துக்குப் போறோம்.”

“ரஹூமா நான்தான்,” என்றேன். “நான் சொன்னது தப்பு. கதவத் திறக்காத. வந்த தடத்துலயே பின்னால எடு. மெதுவா.”