தாய்மீன் மேல் பழி

மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பிய டெய்லரம்மா, சாத்தியிருந்த கதவை ஓசையில்லாமல் தள்ளியதும் முதலில் கண்டது கணவரின் முதுகைத்தான். மீன்தொட்டி மேல் குனிந்து நின்றிருந்தார். வலது கை முழங்கைவரை தண்ணீருக்குள் இருந்தது. உள்ளே சாய்த்து வைத்திருந்த சிலேட்டுத் துண்டின் மேல் அவருடைய கட்டைவிரல் மேலிருந்து கீழாக, நிதானமாக இறங்கியது. மறுபடி மேலே போனது, மறுபடி இறங்கியது. பஸ்ஸில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்த விரல். அவசரமும் தெரியாது அதற்கு, பிசகும் தெரியாது. ஏஞ்சல் மீன்கள் இரண்டும் துடுப்பை விரித்துக்கொண்டு அந்தக் கையை முட்டின, கொத்தின.

“இரு, இரு. முடிஞ்சுது,” என்றார், முண்டியடிக்கும் கூட்டத்திடம் சொல்வதுபோல.

கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கத்தான் அவளுக்குக் கண்ணாடி வேண்டும். தூரத்தில் இருப்பது துல்லியமாகத் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம். நேற்று சாயங்காலம் அந்தச் சிலேட்டில் தாய்மீன் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனதை, அவள் தையல் மிஷினில் இருந்தபடி எட்டி எட்டிப் பார்த்திருந்தாள். நூல் பிடித்தது போல நேரான வரிசைகள். “என்னைவிட நல்லா தைக்குதுங்க,” என்று சொல்லியும் இருந்தாள். அந்த வரிசைகள் இப்போது தண்ணீரில் மஞ்சள் தூசியாகச் சுழன்றுகொண்டிருந்தன.

கதவை ஓசையில்லாமலே மறுபடி சாத்திவிட்டு, தைத்த பள்ளிச் சட்டைகள் அடங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

மேல்வீட்டு நர்ஸ் வேலைக்குப் போக இறங்கி வந்தவள் நின்றாள். “என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?”

“பட்டன் வாங்க மறந்துட்டேன்.”

“பட்டனுக்கா இந்த முகம்? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?”

“போட்டாச்சு, நீ போ.”

நர்ஸின் செருப்புச் சத்தம் கீழே போய் மறைந்தது. டெய்லரம்மாவுக்கு நெஞ்சுக்குள் ஒரே வார்த்தைதான் திரும்பத் திரும்ப ஓடியது: இவரா? இந்த மனிதரா? முட்டை காணாமல் போவது இது முதல் தடவையா என்ன. ஒவ்வொரு தடவையும் அவர் முகம் செத்துப்போய், “தாயி தின்னுடுச்சு,” என்பார். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பது போல ஒரு முகம். அவளும் நம்பி, அந்த மீனுக்குப் ‘பெத்ததைத் தின்னி’ என்று பேர் வைத்து, தீனி போடும்போது அதைத் தள்ளிவிட்டு மற்றதற்குப் போட்டிருக்கிறாள். வாயில்லாத ஜீவனை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். நேற்றுகூடச் சொன்னாள்: “இந்தத் தடவையும் தின்னுச்சுன்னா இதைக் கடையில குடுத்துட்டு வேற வாங்குங்க.” அவர் சரி என்று தலையாட்டினார். தலையாட்டினாரே!

ஏன் என்று மட்டும் பிடிபடவில்லை. இடம் போதாதா? குஞ்சு பொரித்தால் வேலை கூடுமென்றா? இல்லை, வயசான காலத்தில் மனிதருக்குப் புத்தி எதுவும் பிசகிவிட்டதா? புத்தி பிசகியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

எழுந்து, வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்து நடந்து, கதவைச் சத்தமாகத் திறந்தாள்.

“வந்துட்டியா?” என்றார் அவர். குரல் கம்மியிருந்தது. “போச்சு, டெய்லரம்மா. எல்லாம் போச்சு. தின்னுடுச்சு.”

அவள் கண் அவர் முகத்துக்குப் போகாமல் தொட்டிக்கு முன்னால் போய் நின்றது. அங்கே இரண்டு நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துப் போடப்பட்டிருந்தன. ஒன்றில் அவளுடைய முதுகுவலிக்கு வைக்கிற தலையணை, சரியாக இடுப்பு படும் உயரத்தில், தட்டி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அடுப்பில் டீக்குத் தண்ணீர் கொதிக்கிற சத்தம்.

முட்டையைத் தேய்த்ததைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இப்படித் தூக்கிப்போடவில்லை.

முதல் தடவை உண்மையாகவே மீன்கள்தான் தின்றிருக்க வேண்டும். அன்றைக்கு இவர் சின்னப்பிள்ளை போல வாடிப்போனதைப் பார்க்கச் சகிக்காமல், மிஷினை அப்படியே விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சு மீனில் ஆரம்பித்து, கல்யாணமாகிப் போன மகளுக்குத் தாவி, பஸ்ஸில் ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் கேட்டு இவர் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைக்குப் போனது. விளக்குப் போடவும் மறந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவள் மிஷினுக்குத் திரும்பிவிட்டாள். அதன்பிறகு அவர் கூப்பிட்டபோதெல்லாம் அவள் சொன்னது ஒன்றே: “இந்தக் காலர் முடியட்டும்.” காலர் முடிந்தால் கை, கை முடிந்தால் அடுத்த சட்டை. முட்டை போன நாட்களில் மட்டும் மிஷினை மூடிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

“உட்காரேன்,” என்றார்.

“அந்த மீனை என்ன செய்யப்போறீங்க?”

“கடைக்காரர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். சாயங்காலம் வந்து எடுத்துக்கிட்டு, வேற தாய் குடுக்கிறாராம். நீதானே சொன்னே?”

“தப்பு அது மேலதானா?”

அவர் தொட்டியைப் பார்த்தார். “வேற யார் மேல?”

அடப்பாவி மனுஷா, என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். கூடவே இருக்க ஆள் வேண்டுமென்று கூட இருக்கிற உயிரைப் பிடித்துக் கொடுப்பாரா?

“வர வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“ஏன்?”

“சட்டைக் கை நனைஞ்சிருக்கு.”

“தண்ணி மாத்தினேன்.”

“நான் கண்ணாடியை மறந்துட்டுப் போனேங்க. அதை எடுக்க வந்தேன்.”

அவர் மிஷின் பக்கம் திரும்பினார். தையல்துணி மேல் கண்ணாடி கிடந்தது. ஈரக் கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிந்து நெருப்பு சீறியது. இரண்டு பேரும் அசையவில்லை.

“கூப்பிட்டா நீ வர்றதில்லையே,” என்றார் கடைசியில்.

“அதுக்கு?”

அவள் போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். உட்காரவும் முடியவில்லை, மிஷினுக்குப் போகவும் முடியவில்லை.

அப்போதுதான் தொட்டிக்குள் நடப்பது தெரிந்தது. தாய்மீன் சிலேட்டை ஒட்டி நின்று, பக்கத் துடுப்பால் ஓயாமல் விசிறிக்கொண்டிருந்தது. முட்டைக்குக் காற்றோட்டம் கொடுக்க விசிறுமே, அதே விசிறல்.

“அங்கதான் ஒண்ணுமே இல்லையே,” என்றாள்.

“அப்படித்தான் நிக்கும்.”

“எவ்வளவு நேரம்?”

அவர் தலை நிமிரவில்லை. “மறுநாள் வரைக்கும்.”

துடைத்த சிலேட்டு பளபளவென்று கறுத்திருந்தது. சற்றுப்பொறுத்துத் தாய்மீன் விலகியது. தகப்பன்மீன் வந்து, அது நின்ற இடத்தில் நின்று விசிறத் தொடங்கியது.