கட்டிப் பாராமல் அனுப்பாதே

கூடத்து மணிக்கூட்டின் ஊசலைப் பிடித்து நிறுத்திய ஓட்றி, மூலையில் இரைந்துகொண்டிருந்த கொம்பியூட்டரின் வயரையும் சுவரிலிருந்து இழுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதம் வருவதற்குள் வீட்டில் ஓடுகிற எல்லாம் நிற்க வேண்டும். அந்தக் குடும்பத்தின் வழக்கம் அது.

"ஐயோ மாமி!" ஹெதர் குசினியிலிருந்து ஓடிவந்தாள். "அது அண்ணன்ட வேலை. விடிய விடிய ஓடினது."

"செத்த வீட்டுல மெசின் என்னத்துக்குடி இரையிது?"

வருகிறவர்கள் இருக்க வாசலில் வாங்கு போட்டுக்கொண்டிருந்த யூஸ்டஸ் தங்கையையும் மகளையும் பார்த்தார். மகன் டஸ்டின் டெங்குவில் போய்விட்டான். கொத்துவேலை செய்கிற அவருக்கு, அவன் அந்தக் கொம்பியூட்டரில் என்ன செய்தான் என்று ஒருநாளும் விளங்கியதில்லை.

"என்ன வேலை மகள்?"

"கொம்பியூட்டருல எல்லாத்துக்கும் அத்திவாரம் போல ஒரு புரோகிராம் இருக்கு பப்பா. கேர்னல் எண்டுவாங்க. எந்தெந்தத் துண்டைச் சேர்த்துக் கட்டணும் எண்டு சொல்ல அதுல பில்ட் ஃபைல் இருக்கு. சில துண்டை எப்பவோ தூக்கிட்டாங்க. பேர் மட்டும் கிடக்கு. அண்ணன் அதத் துப்புரவாக்கினவர்."

"இல்லாததுகள்ற பேரை வெட்டுறதா?"

"ஓம். வெட்டாட்டி, கட்டுற நேரம் அதத் தேடிக்கொண்டு நிக்கும்."

யூஸ்டஸ் கையிலிருந்த வாங்கை இறக்கி வைத்தார். கடலோர டச்பாரில் வீட்டோடு மனைவி ரெனியைச் சுனாமி கொண்டுபோன பிறகு, ஆற்றோரச் சேற்றில் வளர்ந்த கண்ணாக் காடெல்லாம் அவர் தேடித் திரிந்தார். அவளுக்குக் கல்லறை இல்லை. பேருக்கு ஒரு கல் நடுவோம் என்றவர்களோடு கோபித்துக்கொண்டார்.

"முழுசாக் கட்டிப் பார், பிழை வராட்டி கேர்னல்காரருக்கு அனுப்பு, கட்டிப் பாராம அனுப்பாத எண்டு அண்ணன் வார்ட்டுல வச்சுச் சொன்னவர்," என்றாள் ஹெதர். "இனி முதல்ல இருந்து."

"எனக்கு எப்பிடிடி தெரியும்?" ஓட்றி தலையில் அடித்துக்கொண்டாள்.

யூஸ்டஸே வயரைச் செருகினார். "ஓடட்டும்." ஹெதர் திரும்பவும் தொடக்கிவிட்டாள்.

பிரேதம் வந்தது. செபத்துக்கு நடுவிலும் இரைச்சல் கேட்டது. நாட்டில் சண்டை முடிந்துவிட்டதென்று தெருவில் வெடி கொளுத்தினார்கள். முழங்காலில் நின்றவர்கள் சட்டென்று தலையைக் குனிந்து, பிறகு விட்ட இடத்திலிருந்து சொன்னார்கள்.

பொழுது சாய்ந்தும் திரையில் எழுத்து ஓடிக்கொண்டேயிருந்தது. "இனிச் சுணங்க ஏலா மச்சான். இருட்ட முதல் செக்பொயின்ற் தாண்டணும்," என்றார் ஓட்றியின் கணவர் மெல்றோய்.

ஹெதர் அண்ணனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ போ புள்ள," என்றாள் ஓட்றி. "நான் இருக்கன். ஒரு குஞ்சையும் கிட்ட விடமாட்டன்."

அடக்கம் முடிந்து சவக்காலையிலிருந்து திரும்பியபோது, ஓட்றி செபமாலையோடு கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"எழுத்து நிண்டுட்டுது. சத்தியமா நான் தொடயில்ல."

ஹெதர் குனிந்து வாசித்தாள். "முடிஞ்சிட்டு மாமி. ஒரு பிழையும் இல்ல."

ஓட்றி அப்போதுதான் அழுதாள்.

"அனுப்பட்டா பப்பா?"

"அவன்ட பேர் அதுல இருக்குமா?"

"இருக்கும். ஆர் துப்புரவாக்கினது எண்டு போட்டிருக்கும்."

யூஸ்டஸ் திரைக்குக் கிட்டே வந்தார். "எத அமத்துறது?"

ஹெதர் காட்டினாள். சீமெந்து தின்ற விரலால் மெதுவாக அழுத்தினார்.

மெசினை நிறுத்த ஹெதர் கை நீட்டினாள். அதன் மேல் யூஸ்டஸ் உள்ளங்கையை வைத்திருந்தார். அது இன்னும் சூடாக இருந்தது.