பாத்திரத்தில் ஒயின் இல்லை

சர்ச்சின் பின்னறையில் இரண்டாவது பாட்டில் கழுவுதொட்டிக்குள் குபுகுபுவென்று இறங்கிக்கொண்டிருந்தபோது கதவு அதிர்ந்தது.

"உள்ளே யாரு? தாழ்ப்பாளைத் திற."

லிஃப்ட் மெக்கானிக் திறக்கவில்லை. மூன்றாவது பாட்டிலின் தக்கையைத் திருப்புளியால் நெம்பினார். தக்கை உடைந்து ஒயின் சட்டையெல்லாம் தெறித்தது. அதையும் கவிழ்த்தார்.

இன்னும் இருபது நிமிடத்தில் திருவிருந்து, அப்பமும் ஒயினும் பகிரும் கர்த்தருடைய பந்தி. அந்தச் சபையில் பாத்திரத்தில் ஊற்றுவது அசல் ஒயின். வேறு பாட்டில் கிடையாது. கையோடு கொண்டுவந்த திராட்சை ஜூஸை மேஜையில் வைத்துவிட்டு, தானே கதவைத் திறந்தார்.

வாசலில் சபையை நடத்தும் மூப்பர். ஓய்வுபெற்ற கோர்ட் கிளார்க். கேள்வி கேட்பதிலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"சட்டை பூரா நாறுது. எட்டு மாசம்கூடத் தாங்கலையா தம்பி?"

"குடிக்கல மூப்பரே. கொட்டினேன்."

"பால் சட்டியைக் கழுவித்தான் வெச்சேன்னு பூனை சொல்ற மாதிரி இருக்கு."

"போன வாரமே கேட்டேனே, பாத்திரத்துல ஜூஸ் ஊத்துங்கன்னு."

"கர்த்தருடைய பந்தியில ஸ்பெஷல் ஆர்டர் எடுக்கறதில்லன்னு அப்பவே சொன்னேன். விசுவாசம் இருந்தா ஒரு வாய் ஒண்ணும் பண்ணாது."

"ஒரு வாய் என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் நீங்க குடுத்து வெச்சவர்."

எட்டு மாதத்துக்கு முன், மெக்கானிக் வீட்டில் கசிவு பார்க்க வந்த குழாய்க்காரர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து பதினோரு காலி பாட்டில்களை எடுத்துப் போட்டார். சேதி சபைக்கு வர எவ்வளவு நேரமாகும்? விசாரித்தபோது மெக்கானிக், "என்னுது" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். பந்தியிலிருந்து தள்ளி வைத்தார்கள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாஸ்டர் அவர் தலையில் கை வைத்து, உள்ளே இருக்கும் காயம் ஆறவேண்டும் என்று ஜெபித்தார். மனைவி பக்கத்தில் முழங்காலிட்டு அழுவார். அவர் சபையின் ஞாயிறு பள்ளி டீச்சர். புருஷன் போகாத பந்திக்குத் தானும் போவதில்லை என்று நின்றுவிட்டார். 'பெண்டாட்டின்னா இப்படி இருக்கணும்' என்று சபையே மெச்சியது. இன்றுதான் இருவரையும் திரும்பச் சேர்க்கும் நாள்.

சத்தம் கேட்டு பாஸ்டர் வந்தார். காலி பாட்டில்களையும் மெக்கானிக்கின் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஊதச் சொல்லுங்க பாஸ்டர்," என்றார் மூப்பர்.

"ஊத மாட்டேன். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட, விசுவாசம் இருந்தா பயப்படாம நில்லுன்னு நான் பிரசங்கம் பண்றதில்ல. கதவைத் திறந்துவிடறேன். இன்னைக்கும் அதைத்தான் செஞ்சேன்."

மூப்பர் அவர் முழங்கையைப் பிடித்துச் சபைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மறுபடி விழுந்துட்டேன்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கோ. இல்லன்னா விசாரணைக் குழு வீட்டுக்கே வரும். டீச்சரம்மாவையும் உட்கார வெச்சுக் கேட்போம்."

அதுவரை விறைத்து நின்றவர் முதல்முறையாகக் கண்ணைத் தாழ்த்தினார்.

"அவளை இழுக்காதீங்க. விழுந்துட்டேன். அப்படியே எழுதிக்கோங்க. என் பேரை அடிக்கணும்னா அடிச்சுக்கோங்க."

பாடகர் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. டீச்சர் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நடந்து வந்தார்.

"நீ போய் உட்காரு," என்றார் மெக்கானிக், பல்லைக் கடித்தபடி.

"எட்டு மாசமா உட்கார்ந்தாச்சுங்க."

மூப்பர் குரலைத் தணித்தார். "டீச்சரம்மா, உங்க வேதனை எங்களுக்குப் புரியுது."

"புரியல மூப்பரே. ரெண்டு குழந்தை வயித்துலயே போச்சு. அழக்கூடாது, சாட்சியா நிக்கணும்னு சொன்னீங்க. நின்னேன். பாட்டும் பாடினேன். உள்ளே அழுகிக் கிடந்ததை யாரும் பார்க்கல." அவர் பாஸ்டர் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை தோறும் நீங்க இவர் தலையில கை வெச்சீங்க. விலாசம் தப்பு பாஸ்டர். ஆனா கர்த்தர் சரியான வீட்டுக் கதவைத்தான் தட்டினார்."

"வேணாம்," என்றார் மெக்கானிக்.

"ஞாயிறு பள்ளியிலிருந்து நீக்கறதா இருந்தா நீக்குங்க. பந்தியை விட்டு மட்டும் போக மாட்டேன். அது உங்க பந்தி இல்ல." கணவரின் ஈரச் சட்டையிலிருந்து ஓர் அடி தள்ளியே நின்று, சபை முழுவதையும் நிமிர்ந்து பார்த்தார். "இவர் ஆயுசுல ஒரு சொட்டு தொட்டதில்ல. குடிச்சது நான்."