கையில் பிள்ளையோடு

பருப்பு சூப்பில் இன்றைக்கும் உப்பில்லை. ஊற்றிக் கொடுக்கிற பெண் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கிறாள். உப்பு உடம்புக்கு ஆகாது என்பது அவளுடைய கொள்கை. சாப்பிடுகிறவர்களுக்குக் கொள்கை கிடையாது, பசிதான். பிரஸ்ஸல்ஸ் கால்வாய்க்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடி இது. இலையுதிர்காலத்தில் பூட்டை உடைத்துக் குடியேறியவர்கள், வீடில்லாதவர்கள், பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கக் கினியாக்காரர்கள். கட்டடத்துக்காரர்கள் வெப்பமூட்டியை நிறுத்திவிட்டார்கள். பூஞ்சை சுவரில் கருப்பாக இறங்கியிருக்கிறது. ஈரத் துணியும் புளித்த பாலும் கலந்த அந்த வாடை என் கோட்டிலேயே குடியிருக்கிறது. வீட்டுக்குப் போனதும் அம்மா அதைப் பிடுங்கிப் பால்கனியில் தொங்கவிடுகிறாள். "இந்த நாத்தத்துலேர்ந்து வெளிய வரத்தானே உங்கப்பா ரயில் பெட்டி கழுவுனாரு. நீ படிச்சுட்டு திரும்பவும் இதுக்குள்ளயே போய் உக்காந்துக்கிறியா?"

என் வேலை ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்துக்கொண்டு உட்காருவது. ஹில்டே நான் படிக்கிற மானுடவியல் துறையின் பேராசிரியர். இடப்பெயர்வையும் வீடிழந்தவர்களையும் அவர்களுக்குத் தோள் கொடுக்கிற இயக்கங்களையும் ஆராய்கிறார். தோழமை பற்றி அவரைப் போல எழுத ஆளில்லை என்கிறார்கள். களத்தில் எதிலும் தலையிடக்கூடாது என்று வந்த அன்றே எனக்குச் சொல்லிவிட்டார். "நாம பாக்க வந்தவங்க, வர்தா. நம்ம கை பட்டா களம் மாறிடும்." ஒவ்வொரு முறையும் பாதாம் பிஸ்கட் கொண்டுவந்து எல்லாருக்கும் நீட்டுவார். பிஸ்கட்டால் களம் மாறாது போலிருக்கிறது.

இன்றைய கூட்டம் ஒரே விஷயத்துக்கு. பிள்ளைக்காரிகளுக்கு மட்டும் சூடான அறை தருகிறோம், இப்போதே வரலாம் என்று நகராட்சி சொல்லியனுப்பி, கீழே வேனையும் நிறுத்தியிருந்தது. ஆண்களுக்கு ஒன்றுமில்லை. போனால் எல்லாரும், இல்லையென்றால் யாருமில்லை என்று குடியேறிய அன்றே இங்கே பேசி வைத்திருந்தார்கள். இவர்களுக்குத் துணையாக வெளியிலிருந்து வருகிற மாணவர்களின் ஆதரவுக் குழுவிலிருந்து தீபோ எழுந்தான். சட்டம் படிக்கிறவன். இங்கே ஓட்டு கிடையாது. ஓட்டு என்றால் பலர் சேர்ந்து சிலரை நசுக்குவதாம். சம்மதம் என்றால் இரண்டு கையையும் தூக்கி ஆட்ட வேண்டும். ஒரே ஒருவர் நெஞ்சுக்கு முன்னால் கைகளைக் குறுக்கே வைத்துவிட்டாலும் தீர்மானம் நின்றுவிடும்.

"தோழர்களே, இது நம்மளப் பிரிக்கத்தான். வேனைத் திருப்பி அனுப்பிடலாம். சரிதானே?"

ஆதரவுக் குழுவின் கைகள்தான் முதலில் பறந்தன, கம்பளிக் கையுறை போட்ட கைகள். கூட்டம் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரவர் சூடான வீட்டுக்குப் போவார்கள். நானும் அப்படித்தான் போவேன். இங்கேயே தங்கியிருக்கிற பூபக்கரும் கையை ஆட்டினான், ஆனால் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் இருப்பதால்தான் போலீஸ் கதவை உடைக்காமல் இருக்கிறது. பிள்ளைகள் போன மறுநாள் அவனுக்குத் தெருதான்.

கதியாத்து என் பக்கத்தில் இருந்தாள். அவள் மகன் அல்ஃபாவுக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. இந்தச் சுவருக்குள் வைத்திருந்தால் பிள்ளை தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"யாரும் மறுக்கலையே?" என்றான் தீபோ.

"ஏன், நான் மறுக்கிறேன்ல," என்றாள் கதியாத்து.

"அக்கா, அதைச் சைகைல காட்டணும். வாயால பேசுனா சத்தமாப் பேசுறவங்கதான் ஜெயிப்பாங்க. அதுக்குத்தான் இந்த வழக்கம்."

"ரெண்டு கையிலயும் பிள்ளை இருக்கு தம்பி. மூணாவது கை உங்க ஊர்ல எங்க விக்குது?"

சிலர் சிரித்தார்கள். தீபோவும் சிரித்தான். சிரித்துவிட்டுச் சைகைக்காகக் காத்திருந்தான்.

கதியாத்து திரும்பி, அந்தப் பக்கம் இருந்த ஹில்டேயிடம் பிள்ளையை நீட்டினாள். "கொஞ்சம் புடிங்க மேடம்."

ஹில்டே பேனாவைக் கீழே வைக்கவில்லை. முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. "என்னால முடியாதும்மா, புரிஞ்சுக்கோ. நான் வாங்குனா உன் பக்கம் நின்ன மாதிரி ஆயிடும்." சொல்லிக்கொண்டே எழுதினார். நீட்டிய கைகளில், அந்தரத்தில், பிள்ளை இருமியது.

நான் கருவியைத் தரையில் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கினேன்.

"வர்தா," ஹில்டே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அடுத்த வருஷம் உன் பேரைத்தான் முனைவர் படிப்புக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

"சொல்லுங்க, இல்ல விடுங்க. காலு பட்டா சிந்திடும், அந்தக் கிண்ணத்த நகத்துங்க."

அவர் கிண்ணத்தை நகர்த்தவில்லை. கருவியை எடுத்து எனக்கும் பிள்ளைக்கும் இன்னும் கிட்டே வைத்தார். அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கதியாத்து எழுந்து நின்றாள். பால் கசிந்து சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அந்த ஈரத்தின் மேலேயே கைகளைக் குறுக்கே வைத்தாள்.

"நீ போனா நாங்க தெருவுலதான், தெரியும்ல அக்கா?" என்றான் பூபக்கர்.

"தெரியும்டா. தெரிஞ்சுதான் நிக்கிறேன்."

தீபோ தொண்டையைச் செருமினான். "ஒருத்தர் மறுக்கும்போது, அது கொள்கையா இல்ல வெறும் களைப்பான்னு கூட்டம் யோசிக்கலாம். சரி, வேற யாராவது மறுக்கிறீங்களா?"

கீழே வேன் ஹார்ன் அடித்தது. ஜன்னலோரம் இருந்த தாய்மார்கள் தங்கள் மடியைப் பார்த்தார்கள். பிறகு யார் கை காலியாக இருக்கிறது என்று அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். கையுறைக் கைகள் ஒவ்வொன்றாகக் கோட்டுப் பைக்குள் போயின. ஹில்டே பக்கத்தைப் புரட்டினார். என் கழுத்தில் அல்ஃபாவின் எச்சில் சூடாக இறங்கியது.

பூபக்கர் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து அந்தத் தாய்மார்களை நோக்கி நடந்தான், சூப்பில் நனைந்த கைகளைக் கால்சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டே.