டேப் ஒட்டாத இரண்டு டிரைவுகள்

எங்கள் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். கம்ப்யூட்டர் டிரைவ் டிக் டிக் என்று சத்தம் போட்டால் அதன் வாயில் சிவப்பு டேப் ஒட்டிவிட வேண்டும். ஒட்டியதில் நாங்களும் சரி, வாடிக்கையாளர்களும் சரி, கார்ட்ரிட்ஜ் போடக் கூடாது.

கார்ட்ரிட்ஜ் என்றால் பிளாஸ்டிக் கூட்டுக்குள் கம்ப்யூட்டர் படங்களைச் சேமிக்கிற ஒரு தட்டு, அவ்வளவுதான். டிரைவின் தலை அதன்மேல் மயிரிழை உயரத்தில் ஓடும். தலை கெட்டால் தட்டைக் கீறும். கீறல் விழுந்த தட்டு அடுத்த டிரைவின் தலையைக் கெடுக்கும். சொறி பரவுகிற மாதிரிதான். தொண்ணூற்று மூன்றில் கிளீவ்லண்டில் அச்சுக்கு ஃபிலிம் எடுத்துக்கொடுத்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

வியாழக்கிழமை மாலை பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்றை மூன்றாம் டிரைவில் ஃபார்மேட் செய்துகொண்டிருந்தேன். பாதியில் டிக் டிக். கோளாறு எதில் என்று பார்க்க, கையை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அதையே உருவி இரண்டாம் டிரைவில் போட்டேன். அங்கேயும் டிக் டிக். கார்ட்ரிட்ஜ்தான் சொத்தை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதைக் குப்பையில் எறிந்தேன். டேப் ஒட்டவில்லை. போன வாரம்தான் நல்ல டிரைவ் ஒன்றுக்கு டேப் ஒட்டி, முதலாளியம்மா வெர்னாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். "உன்னை விட்டா சுவர்க் கடிகாரத்துக்கும் டேப் ஒட்டுவ, கார்வின்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அதை இன்னொரு தடவை கேட்க என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை பனியில் பஸ் தாமதம். நான் உள்ளே நுழைந்தபோது எங்கள் வாடிக்கையாளர் ஆரின் ஹாஸ்கெட் கோட்டைக்கூடக் கழற்றாமல் டிரைவுகள் இருக்கிற மேசையில் உட்கார்ந்திருந்தார். வெர்னா பின்னறையில் ஃபிலிம் கழுவிக்கொண்டிருந்தாள். ஆரினின் மனைவி லூசில் எட்டு வருஷமாகக் கம்ப்யூட்டரில் வரைந்த ஏரிக்கரைப் பறவைகள், நானூறு படங்கள், அன்று ஃபிலிமுக்குப் போக வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் இடம் போதாமல் எல்லாவற்றையும் கார்ட்ரிட்ஜில்தான் வைத்திருந்தார்கள். ஒன்று அசல், ஒன்று நகல். கோடையில் பக்கவாதம் வந்து லூசிலுக்கு வலது கை விழுந்துவிட்டது. இனி அவளால் ஒரு கோடுகூடப் போட முடியாது.

இரண்டாம் டிரைவிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

அடித்துப் பிடித்து ஓடிப்போய் மின்சாரத்தை அணைத்தேன். இன்னொன்று இருக்கிறதே என்ற ஒரே நினைப்புதான் என்னை நிற்க வைத்தது. முந்தின நாள் செய்ததை ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன்.

"இது போனா போகட்டும், சார். இன்னொன்னு இருக்குல்ல? அதை மட்டும் எதுலயும் போட்டுடாதீங்க" என்றேன்.

ஆரின் கோபப்படவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு கார்ட்ரிட்ஜை எடுத்து மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"இதுதான் அசல், தம்பி. முதல்ல மூணாவதுல இதைத்தான் போட்டேன். அதுவும் இப்படித்தான் சத்தம் போட்டுச்சு. அதனாலதான் நகலை எடுத்து இதுல போட்டேன்."

அவர் குனிந்து இரண்டு டிரைவுகளின் வாயையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"டேப் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் போட்டேன்" என்றார்.